சும்மா நிற்கிற வேஷம்

பாடப்புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம், கதை முடிந்ததும் வருகிற அந்தக் கேள்வி: "இக்கதை உணர்த்தும் கருத்து யாது?" அதைப் பார்த்தாலே சுள்ளென்று கோபம் வரும். அவ்வளவு நேரம் ஒருவன் அழுதிருக்கிறான், ஓடியிருக்கிறான், உயிரைப் பணயம் வைத்திருக்கிறான். அதையெல்லாம் பிழிந்து ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போ என்றால் எப்படி?

அதனால் ஏழாம் வகுப்புக்குக் கதை நடத்தும்போது நான் ஒரு வேலை செய்வேன். முக்கியமான இடம் வந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிடுவேன். "இந்த இடத்துல நீ இருந்தா என்ன செய்வே?" என்று கேட்பேன். பிள்ளைகள் "ஐயோ மிஸ், மீதிய சொல்லுங்க மிஸ்" என்று கூப்பாடு போடுவார்கள். சொல்ல மாட்டேன். அவர்கள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குக் கதையைவிடப் பெரிது. வீட்டில் இதை அடுத்த வீட்டுச் சங்கதி கேட்கும் குணம் என்பார்கள். இருக்கட்டும்.

எனக்கு வீடு திருவள்ளூரில், கோயிலை ஒட்டிய தெருவில். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில். பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போக வேண்டும். ஆடி மாதம் முழுக்க அங்கே அம்மன் கோயிலுக்கு வரும் மஞ்சள் சேலைக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்று, தாமதமாகப் போய்த் தலைமையாசிரியையிடம் முழிப்பது வழக்கம். எங்கள் தெருவில் கேட்கிற பெரிய சத்தம் கோயில் மணிதான். பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை, நாள் முழுக்க ஏதாவது ஒரு ஆலையின் சங்கு அலறிக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சங்குக்கும் நான் சாக்பீஸைக் கீழே போட்டேன். பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீளமாக ஊதினால் ஷிப்ட் மாறுகிறது, விட்டு விட்டு ஊதினால் ஒத்திகை, நிற்காமல் ஊதினால் மட்டும் பயப்பட வேண்டும் என்று.

அன்றைக்கு நடத்திய கதை ஒரு கிணற்றைப் பற்றியது. பாழடைந்த கிணற்றைத் தூர்வார ஒருவன் இறங்குகிறான். கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுகிறான். கரையில் நின்ற அவனுடைய நண்பன் ஒரு நொடிகூட யோசிக்காமல்... அங்கே புத்தகத்தை மூடினேன்.

"நீங்களா இருந்தா?"

"குதிப்பேன் மிஸ்!" வகுப்பே கத்தியது. முன்பெஞ்சில் ஒருவன், புது ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிப்பேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வருஷா வருஷம் இதே பதில்தான் வரும். இந்த வருஷம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"நான் குதிக்க மாட்டேன் மிஸ்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏன்?"

"கெணத்துக்குள்ள வெஷ கேஸ் கீது மிஸ். மொதல்ல போனவன் அதுலதான் உழுந்தான். பின்னாடி போறவனும் உழுவான். அப்புறம் ரெண்டு பேரையும் தூக்கணும்."

இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத பதில். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். "உங்கப்பா மாரி மேல நின்னு வேடிக்க பாக்கணுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பையனைத் திட்டலாம் என்று திரும்பினால், அவன் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

மதியம் சாப்பிடும்போது, அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கும் கணக்கு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே கம்பெனியில் வேலை. வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடு. முந்தைய வருஷம் ஒரு பெரிய தொட்டியைச் சுத்தம் பண்ணும்போது பையனின் அப்பா உள்ளே இறங்கியிருக்கிறார், பெண்ணின் அப்பா மேலே வாயருகில் நின்றிருக்கிறார். உள்ளே போனவர் மயங்கி விழுந்துவிட்டார். வேறொருவர் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து இறங்கித் தூக்கினார். அவருக்குக் கம்பெனியில் சால்வை போட்டார்கள். பையனின் அப்பா வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; அதனால் கேட்டில் உட்காருகிற வேலை.

"மேலே நின்னவர்?" என்று கேட்டேன்.

"அவர் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னாராம், அவ்வளவுதான். மறுநாள் பையனோட அம்மா அவர் வாசல்லயே போய் நின்னு, 'ஏன்யா நீ எறங்கல'ன்னு கேட்டிருக்காங்க. மனுஷன் தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. அப்புறம் என்ன, தெருவே முடிவு பண்ணிடுச்சு."

கம்பெனியில் விசாரித்தவர்கள் அவர்மேல் தவறில்லை என்றுதான் எழுதினார்களாம். தெருவில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? 'கயிறு' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். முன்பெல்லாம் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய இரண்டு பிள்ளைகளும் வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அவளைக் 'கயிறு பொண்ணு' என்று கூப்பிடுகிறவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அதைக் கேட்டதும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

மறுநாள் கதையின் மீதியைப் படித்தேன். நண்பன் கிணற்றில் குதித்து, மயங்கியவனைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வருகிறான். ஊர் மாலை போடுகிறது. பிள்ளைகள் கை தட்டவில்லை.

"கேஸ் இன்னா ஆச்சு மிஸ்?" என்று கேட்டான் ஷூ பையன்.

"கதை எழுதினவருக்கே தெரியாது போல இருக்கு" என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். இந்தக் கதையை மாற்ற வேண்டும், மாற்றி ஆண்டு விழாவில் நாடகமாகப் போட வேண்டும். கிணறு வேண்டாம், கம்பெனித் தொட்டி. ஆள் மூன்று பேர்: உள்ளே விழுகிறவன், மேலே நிற்கிறவன், முகமூடிக்காரன்.

எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆறாத புண்ணில் கை வைக்கிற காரியம். அந்தப் பையனைக் கேட்டேன். "போட்டுக்கோங்க மிஸ், எனக்கு இன்னா" என்று தோளைக் குலுக்கினான். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, விட்டுடலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் தாவணி நுனி இல்லாத குறைக்கு யூனிபார்ம் பட்டனைத் திருகினாள். "போடலாம் மிஸ். ஆனா சரியா போடணும். எங்க தெருவுல எல்லாரும் பாக்க வருவாங்க."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலைமையாசிரியை, "பாடத்த மாத்தி நடிச்சா யாராவது கேப்பாங்களேம்மா" என்று இழுத்தார். கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள் என்றேன்.

வேஷம் பிரிக்கும்போது முகமூடிக்காரனுக்குக் கை தூக்காதவர்களே இல்லை. உள்ளே விழுந்து கிடக்கும் வேஷத்தை, எப்போதும் படுத்துக்கொள்ள இடம் தேடும் ஒரு குண்டுப் பையன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். மேலே நிற்கும் வேஷத்துக்கு மட்டும் ஆளில்லை.

"சும்மா நிக்கறதுக்கு ஒரு வேஷமா மிஸ்?" கடைசி பெஞ்சுப் பையன்தான்.

"சும்மாதானே? வசனம்கூட அதிகம் இல்ல. நீயே நில்லேன், பார்ப்போம்."

ரோஷம் வந்துவிட்டது. எழுந்து வந்து நின்றான்.

பெஞ்சுகளைச் சரித்துப் போட்டு, நான்கு பக்கமும் அடைத்துத் தொட்டி செய்தோம். விளையாட்டு அறையிலிருந்து வடம் இழுக்கும் போட்டிக்கான கயிறு வந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான் என்பதால், யாரும் நியமிக்காமலே அவள் இயக்குநர் ஆகிவிட்டாள். அவனுடன் நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள கீறவன் உடம்புல பெல்ட்டு, பெல்ட்டுல கயிறு. மேல நிக்கறவன் கையில அந்தக் கயிறு. அவன் எறங்கக் கூடாது. அங்கருந்து நவுரக் கூடாது. பேசிக்கினே இருக்கணும்."

"எதுக்குப் பேசணும்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"உள்ளருந்து பதில் வரணும் மிஸ். பதில் நின்னுச்சுன்னா மயக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம்."

"என்ன பேசுவாங்க?"

"இன்னா வேணா பேசலாம். எங்கப்பா சோறு பத்திதான் பேசும்."

வகுப்பு சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒத்திகை தொடங்கியது. பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நாஷ்டா துன்னியா? இட்லியா, பூரியா?" என்று பேசினான். பெஞ்சுக்குள்ளிருந்து குண்டுப் பையன், "பூரி மச்சான், ஆறிப்பூட்ச்சு" என்றான். அப்புறம் அவன் பதில் சொல்லாமல் சாய்ந்தான். சாய்ந்ததுதான் தாமதம், நம் ஆள் கயிற்றை உதறிவிட்டு பெஞ்சைத் தாண்டி உள்ளே பாய்ந்தான்.

"தப்பு" என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் பாய்ந்தான். அதற்கடுத்த தடவை பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டான். "பேஜாரா கீது மிஸ். கால் தன்னால போவுது" என்றான்.

அதெப்படித் தன்னால் போகும்? சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடியதும், குண்டுப் பையனைக் கெஞ்சி நிறுத்தி மறுபடி படுக்கச் சொன்னேன். கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். அவன் நடிக்கிறான் என்று தெரியும். காலையில் தோசையை வெளுத்துக் கட்டிவிட்டு வந்தவன், சாகிற முகமா அது? இருந்தும் அவன் பேச்சு நின்று கண்ணை மூடியபோது என் வலது கால் பெஞ்சின் மேல் இருந்தது. எப்போது தூக்கினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சில நாள் கழித்து அவள் புதிதாக ஒன்று சொன்னாள். "கயித்த லூசா உடக் கூடாது. கழுவின தண்ணி தொட்டி அடியில கெடக்கும். கயிறு தொங்கிச்சுன்னா தல தண்ணிக்குள்ள பூடும். இஸ்த்துப் புடிச்சாத்தான் மூக்கு மேல இருக்கும். ஒரு ஆள் இஸ்த்தா மேல தூக்க முடியாது, ஆனா புடிச்சிக்கினு நிக்க முடியும்."

பையன் கயிற்றைப் பார்த்தான். "இது யாரு சொன்னது?" என்று கேட்டான். அவளிடம் அவன் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எங்கப்பா. நாடகம் போடறோம்னு சொன்னேன். அப்புறம் துணி காயப்போடற கயித்த அவுத்து எப்டி புடிக்கணும்னு காட்டிச்சு."

"அன்னிக்கி இன்னா பேசிச்சாம்?"

அவள் சொன்னாள். பையன் திரும்பி ஜன்னலுக்குப் போய்விட்டான். அந்த வார்த்தைகளைத்தான் நாடகத்தில் வைத்தோம்.

"அங்க ப்ளோயர் ஓடும்" என்று அவள் மீண்டும் சுவரிடம் பேசினாள். "உள்ள காத்து அடிக்கிற மெஷின். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது. அதுக்கும் மேல கத்தணும். முகமூடி எட்த்துக்கினு ஆள் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

ப்ளோயருக்கு நாங்கள் எங்கே போவது? மீதி வகுப்பே ப்ளோயர் ஆனது. எல்லோரும் சேர்ந்து "ஊ" என்று இரைந்தார்கள். அதற்கு மேல் அவன் கத்தினான். அடுத்த அறையிலிருந்து கணக்கு டீச்சர் வந்து, இது வகுப்பா சந்தையா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு முதல் தடவையாக அவன் கால் நகரவில்லை. கயிறும் தளரவில்லை. முகமூடிக்காரன் வந்து தூக்கியபோது அவன் உள்ளங்கை சிவந்திருந்தது.

மறுநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் "உள்ளேன்" சொல்லவில்லை. வாயை அசைத்தான், காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. வகுப்புக்குக் கொண்டாட்டம், ஊமை ஊமை என்று ஒரே கூத்து. அவன் யாரையும் சட்டை செய்யாமல், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நடந்து ஜன்னலோரம் போனான். அவள் முன்னால் நின்றான். கிசுகிசு என்று அவனிடமிருந்து வந்த குரலைக் கேட்க நான் மேசையிலிருந்து எழ வேண்டியிருந்தது.

"எங்கம்மா வந்து கேட்டப்போ... உங்கப்பாவுக்கு இதானா?"

அவள் தலையாட்டினாள். "சத்தமே வரல. சுடுதண்ணிகூட முழுங்க முடியல. உங்கம்மா கேட்டாங்க, அழுதாங்க, பூட்டாங்க."

ஒரு தெரு முழுக்க அந்த மனிதரின் மௌனத்தை வைத்துத்தான் அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தது. அந்தத் தெருவில் ஒருவருக்குக்கூட அவர் தொண்டையைப் பற்றித் தோன்றவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

"குரல் வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே?" என்று நான் குறுக்கே புகுந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ யாரும் வந்து கேக்கல மிஸ்."

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. மைதானத்தில் சாமியானா, வாடகை நாற்காலிகள். அந்த வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் வந்திருந்தது. பையனின் அப்பா மனைவியுடன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடுவது இரண்டு நாற்காலி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. பெண்ணின் அப்பா வருவாரா என்று நான் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாடகம் தொடங்கப்போகும் நேரத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டை ஒட்டிய குழாயடியில் நின்றுகொண்டார்.

குண்டுப் பையன் உள்ளே இறங்கினான். பூரிக்குச் சனம் சிரித்தது. அப்புறம் அவன் சாய்ந்தான், ப்ளோயர் இரைந்தது, மேலே நின்றவன் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான்.

"மச்சான்! ஏந்திரு மச்சான்! பெரியபாளையம் போலாம்னியே, வண்டி கழுவி வச்சிகீறேன். உன் பையனுக்கு மொட்ட போடணும்னியே. கறிக்கொழம்பு வக்கச் சொல்லிகீறேன், நீ வரலன்னா எவன் துன்றது? ஏந்திரு மச்சான். நான் இங்கயேதான் கீறேன். கயித்த உடல. பாரு, உடல!"

முகமூடிக்காரன் வருவதற்கு வேண்டுமென்றே நேரம் வைத்திருந்தோம். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போகிற அளவு நேரம். அவன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். குரல் உடைந்தது. நடுவில் எங்கேயோ வசனம் தவறிவிட்டது. "நைனா, ஏந்திரு நைனா" என்று அப்பாவையே கூப்பிட்டுக் கத்தினான். கத்திக்கொண்டே அழுதான். ஆனால் கால் நகரவில்லை, கயிறு கம்பியாக நின்றது. முன்வரிசையில் அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதேன், சும்மா சொல்வானேன்.

நாடகம் முடிந்து கை தட்டல் ஓய்வதற்கு முன்பே பையனின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கேட்டை நோக்கி நடந்தார். வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார், மறுபடி நடந்தார். எனக்குத் தாகமே இல்லை. இருந்தும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். பெண்ணின் அப்பா கம்பெனிச் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அவ்ளோ நேரமும் பேசிக்கினா இருந்த?" என்று கேட்டார் பையனின் அப்பா.

"பின்ன, வேற இன்னா பண்றது."

"பெரியபாளையம், கறிக்கொழம்பு... எல்லாம்?"

"வாயில வந்ததெல்லாம்."

பையனின் அப்பா குழாய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு அடங்கும் வரை பேச முடியவில்லை. அவர் பேசட்டும் என்று மற்றவரும் காத்திருந்தார், ஒரு கையை அவர் முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கியபடி.

"எனக்கு அப்போ ஒண்ணுமே கேக்கல மச்சான்" என்றார். "இப்பத்தான் கேட்டுச்சு."